கேள்வி கேட்டால் நின்றுவிடுகிற அம்மா

போன மாசி மாதம். லவாலில் நடைபாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். அதனால் எங்கட மாரிகால நடை கார்ஃபூர் லவால் மோலுக்குள்ளதான். "அம்மா, சனிக்கிழமை பெரியம்மா வீட்டுக்கு என்ன கொண்டு போவம்?" என்று கேட்டேன். அம்மா நின்றா. யோசிச்சா. "வடை சுடுவம்" என்றா. அதுக்குப் பிறகுதான் காலை எடுத்து வைச்சா. கொஞ்சத் தூரம் போய் இன்னொரு கேள்வி. திரும்பவும் நின்றா.

அம்மா ரசிச்சுக் கதைக்கிறா என்றுதான் நான் நினைச்சிருந்தேன். முழங்கால் வலிக்குக் காட்டப் போன இடத்தில், பிசியோ என்னிடம் கேட்டது முழங்காலைப் பற்றி இல்லை. நடக்கும்போது கதை கொடுத்தால் நிற்கிறாவா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. 1997இல் சுவீடனின் உமியோ நகர ஆராய்ச்சியாளர்கள் லான்செட் இதழில் எழுதியது. முதியோர் குடியிருப்புகளில் இருந்த 58 பேரோடு சேர்ந்து நடந்து, சும்மா கதை கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நின்றார்கள். அடுத்த 6 மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்துவிட்டார்கள்.

நடை என்றால் கால் வேலை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். இளம் வயதில் அது ஓரளவுக்குச் சரி, கால் தன்பாட்டில் போகும். வயது போகப் போகக் கண் பார்வை, பாதத்தின் உணர்வு, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு எல்லாம் மங்குகின்றன. அப்போது முன்மூளை வந்து ஒவ்வொரு அடியையும் காவல் பார்க்கத் தொடங்குகிறது. யோசிக்கிறதும் கணக்குப் பார்க்கிறதும் அதே முன்மூளைதான். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் ஒன்று தடுமாறும். நின்று பதில் சொல்கிறது உண்மையில் புத்திசாலித்தனம். பஸ்ஸைப் பிடிக்க வேணும், கையில் பை, பேரப்பிள்ளை கூப்பிடுது என்கிற நேரம் நிற்க முடியாதே, அங்கேதான் ஆபத்து.

கனடாவில் 65 வயதைத் தாண்டியவர்களில் 20 முதல் 30 வீதமானோர் ஆண்டுதோறும் விழுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிவுகளில் 95 வீதம் விழுகிறதால் வருகிறது. இடுப்பு முறிந்த பிறகு வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போன ஒருவரையாவது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த விஷயத்தில் நாங்கள் நல்ல ஊரில்தான் இருக்கிறோம். லவால், ஷொமெடேயில் இருக்கிற யூத மறுவாழ்வு மருத்துவமனையின் ஆராய்ச்சிக்கூடத்தில் ட்ரெட்மில்லையும் மெய்நிகர் காட்சிகளையும் சேர்த்து நடையை ஆராய்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் தெருவும் எதிரே வருகிற ஆட்களும் தெரியும், கால் நடந்துகொண்டிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மொன்றியலின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் கேரன் லீயும் லூயி பெரேர் முதலானவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் ஆச்சரியம். முதியவர்களைக் கணினிக்கு முன்னால் இருத்தி, ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யப் பழக்கினார்கள். ஐந்தே தடவை. உடற்பயிற்சி எதுவும் இல்லை. பிறகு பார்த்தால் நிற்கிற சமநிலை முன்னேறியிருந்தது! 20 பேர் கொண்ட சின்ன ஆய்வுதான், ஆனால் மூளையும் காலும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதை அது காட்டிவிட்டது.

ஜெனீவாவில் இதை இன்னும் அழகாகச் செய்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வு அது. 65 வயதுக்கு மேற்பட்ட 134 பேர். பியானோ இசைக்கு ஏற்ப நடக்க வேண்டும், இசை மாறினால் அடியும் மாற வேண்டும், கையில் வேறு வேலை. வாரத்துக்கு ஒரு மணித்தியாலம், 6 மாதம். வகுப்புக்குப் போனவர்கள் விழுகிறது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வாசித்தபோது எனக்கு மிருதங்க வகுப்புக்கு வெளியில் தொடையில் தாளம் போட்டபடி காத்திருக்கிற அப்பப்பாமார்தான் ஞாபகம் வந்தார்கள். அவர்களை எழுப்பி, தாளம் போட்டபடியே நடக்க விட்டால் போதுமே.

எங்கள் வீட்டில் இப்படித் தொடங்கினோம். முதலில் நடை மட்டும், ஹோலில் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரை, போன் கடிகாரத்தில் நேரம் பார்த்தோம். பிறகு அதே தூரம், மிருகங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு. அம்மாவுக்கு நேரம் நன்றாகக் கூடியது. உங்கட வீட்டிலும் அப்படி என்றால் பயந்துவிடாதீர்கள், ஆனால் டொக்டரிடம் சொல்லுங்கோ. ஒன்ராறியோவின் லண்டனில், லேசான மறதி இருந்த 112 பேரைக் கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கூடுதலாக வேகம் குறைந்தவர்களுக்குப் பின்னாளில் முதுமை மறதி வருகிற வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

பயிற்சிக்கு நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்வது ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சரி. அம்மாவுக்கு அது கோபத்தைத்தான் தந்தது. எட்டு வயது மகள் வேறு வழி கண்டுபிடிச்சாள். அவள் கார்த்தியே, தெ லா கொன்கோர்ட், மொன்மொரென்சி என்று மெட்ரோ நிலையங்களைச் சொல்ல, அம்மம்மா யாழ்ப்பாண ரயில் நிலையங்களைச் சொல்ல வேணும். இரண்டு பேரும் நடந்தபடி. சுவர் ஓரமாக, செருப்பு இறுக்கமாக, ஒரு பெரியவர் பக்கத்தில். படியிலோ ஐஸிலோ ஒருபோதும் வேண்டாம். முன்பு விழுந்தவர்கள், தலைசுற்று உள்ளவர்கள் பிசியோவிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேணும். கால் பலமும் தனியாக வேண்டும். கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருக்கிறதை நாங்கள் தினமும் பத்துத் தரம் செய்கிறோம். கியூபெக்கில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'பியே' என்கிற சமநிலை வகுப்பு 12 வாரம் நடக்கிறது. உங்கள் பகுதியில் எங்கே என்று சிஎல்எஸ்சியில் கேட்கலாம்.

இன்னொன்றும் செய்தேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்று சொல்வதை நிறுத்தினேன். கறி அடுப்பில், போனில் சித்தி, கையில் கரண்டி, குசினிக்கும் மேசைக்கும் நடை. அம்மா வாழ்க்கை முழுக்கச் செய்த இரட்டைப் பயிற்சி அது. பாசத்தில் அதைப் பறித்தது நாங்கள்தான்.

நேற்றும் ஹோலில் ரயில் ஓடியது. "காங்கேசன்துறை, தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில்..." அம்மா டக்கென்று நின்றா. "மறந்துட்டீங்களா அம்மம்மா?" என்றாள் மகள். "மறக்கிறதோ? இணுவிலில நான் சைக்கிளோட விழுந்த கதை உனக்குச் சொல்லேல்லயே!" என்றா. "நடந்துகொண்டு சொல்லுங்கோ" என்றாள் அவள்.