காதால் கண்ட வெற்றிகள்

கண்ணாற் காண்பதே காட்சி என்பர். ஆயினும், அரியாலையிற் பிறந்து வளர்ந்த என் போன்றோர் தம் வாழ்நாளில் மறக்கவியலாத காட்சிகள் பலவற்றைக் காதாலேயே கண்டனர். யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கே, கண்டி வீதியின் இரு மருங்கிலும் பனையும் வயலுமாய்ப் பரந்து, கடல்நீரேரியின் கரையிற் சென்று முடிவது எங்கள் ஊர். உலகப் பெருவிளையாட்டரங்குகள் எமக்கு எட்டாத் தொலைவில் இருந்தன. சென்னையின் பாடகர்களும் அவ்வாறே. இவ்விரண்டையும் எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரே பெட்டி; அது வானொலிப் பெட்டி. ஆதலின் பாட்டும் விளையாட்டும் என் நினைவில் இரு வேறு பொருள்களாய் நிற்பதில்லை.

இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்கத் தமிழகத்து மக்களுங்கூடக் காத்திருந்த காலம் அது. வானொலி வைத்திருந்த வீடுகள் ஊரில் மிகச் சிலவே. எனவே, வாசிகசாலையே எங்கள் கலையரங்கும் விளையாட்டரங்கும் ஆயிற்று. செய்தி வாசிக்கப்படும்போது பெரியோர் பெட்டியின் அருகிலிருந்த வாங்கில் அமர்ந்திருப்பர். சிறுவராகிய நாங்கள் திண்ணையில் நிற்போம். பாட்டுத் தொடங்கியதும் பெரியோர் சால்வையை உதறிக்கொண்டு எழுவர். நாங்கள் உள்ளே நுழைவோம். சொல்லாமலே ஏற்பட்ட ஒழுங்கு அது.

அந்த ஒழுங்கு குலைந்த மாலை ஒன்றை நான் அறிவேன். 1958ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் டோக்கியோ நகரில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கிற்று. எனக்கு அப்போது 11 வயது. அவ்விழாவின் உயரம் பாய்தற் போட்டியில், பெரியவிளான் மண்ணில் தோன்றி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கற்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 அடி 8 அங்குல உயரத்தைத் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. முதுகு கீழாக வளைந்து பாயும் முறையை ஃபொஸ்பரி என்னும் அமெரிக்கர் உலகுக்குக் காட்டியது 1968இலேதான். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர் எட்டப்பட்ட உயரம் இது என்பதை இன்றைய இளைஞர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆனால், அதே நாள்களிலேதான் தென்னிலங்கையில் தமிழர் தாக்கப்பட்டனர். மே 27ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. கொழும்பில் அகதிகளாய்க் கூடியிருந்தோர் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர். அவ்வாறு வந்திறங்கியவர்களுள் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். ஒரு மூட்டையுடன் வந்தவர் அவர். சில நாள்களின் பின் வாசிகசாலைக்கு வந்து ஒரு மூலையில் அமர்ந்தார். பெரியோர் டோக்கியோப் பதக்கத்தைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசிக்கொண்டிருந்தனர். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த அவர், "எந்த நாட்டுக்கு மெடல் கிடைச்சிருக்கு?" என்றார்.

ஒருவரும் மறுமொழி கூறவில்லை. பாட்டு ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது, எனினும் சிறுவர் எவரும் உள்ளே செல்லவில்லை. சற்று நேரத்தில் அவரே எழுந்தார். "எவ்வளவு உயரம் எண்டு சொன்னனீங்கள்?" என்று வினவினார். கூறினர். அவர் வாசலுக்குச் சென்று, கதவு நிலையின் மேற்கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தார். "இதுக்கு மேலாலையோ பாய்ஞ்சவன்?" என்றார். பல நாள்களாய் இறுகியிருந்த அவர் முகத்தில் ஒரு வியப்பு வந்து போயிற்று. அவருடைய முதல் வினாவுக்கு விடை கூறும் வல்லமை எனக்கு இன்றும் இல்லை. ஆயினும், அவ்வினாவைக் கேட்ட அதே வாய்தான் இரண்டாவது வினாவையும் கேட்டது என்பதை நான் மறந்ததில்லை.

விளையாட்டில் இவ்வாறு மூச்சை அடக்கி நிற்கும் கணத்தை இசையிலும் நாங்கள் அறிந்திருந்தோம். யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் நள்ளிரவு கடந்தும் நடைபெறும் மேளச் சமாவைக் கேட்டவர்கள் இதனை உணர்வர். இணுவிலிற் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்பதற்காக மாட்டுவண்டியிலும் துவிச்சக்கரவண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்றவர் எத்தனையோ பேர். மணலிற் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த கமக்காரரும் கடைக்காரரும் கையில் தாளத்தை விடாது போட்டுக்கொண்டிருப்பர். கணக்கு விரிந்து விரிந்து, இனி இது எங்கே போய்ச் சேரப்போகின்றது என்று யாவரும் திகைத்திருக்கையில், கோர்வை சரியாகச் சமத்தில் வந்து விழும். அப்போது கூட்டத்திலிருந்து எழும் ஆரவாரம், உதைபந்து வலைக்குள் நுழையும்போது எழும் ஆரவாரத்தினின்றும் வேறானதன்று. 1933இற் பிறந்த அம்மேதை 1975இல் 41 வயதிலேயே மறைந்தார். அவருடைய கணக்கைத் தம் கைவிரல்களிற் போட்டுப் பார்த்த ஒரு தலைமுறையும் இப்போது மறைந்துகொண்டிருக்கின்றது.

பின்னர் 1960களின் பிற்பகுதியில் வேறொரு தாளம் எழுந்தது. போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாய் இலங்கையில் வேரூன்றிய பைலாத் தாளத்திலே, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஏற்றிப் பாடினார் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். ஏ. ஈ. மனோகரனின் பொப்பிசையோ கடல் கடந்து தமிழகத்தையும் ஆட்டுவித்தது. 'இதுவும் ஒரு பாட்டோ?' என்று முகஞ்சுளித்த பெரியோரும் உளர். ஆனால், வானொலியில் எங்கள் வீட்டு அடுப்படிப் பேச்சைக் கேட்ட மகிழ்ச்சி இளையோராகிய எங்களுக்குப் புதிது. 1904இல் தொடங்கிய, மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டியை 'வடக்கின் பெரும்போர்' என அழைப்பது வழக்கம். அந்த மைதானத்தின் ஓரத்தில் ஊதுகுழலும் மேளமும் சேர்ந்து முழங்கும் பப்பரே இசையிற்றான் பாட்டும் ஆட்டமும் ஒன்றோடொன்று கைகோத்து நடந்தன. எந்தப் பந்தில் எவர் ஆட்டமிழந்தார் என்பதை மறந்தவர்கூட, அப்போது எந்த மெட்டு ஒலித்தது என்பதைக் கூறுவர்.

காலம் மாறிற்று. 1990இன் பின்னர் குடாநாடு மின்சாரமின்றி இருண்டது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. எனினும், கேட்பதை எவரும் கைவிடவில்லை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தால் வானொலியை இயக்கினோம். ஒலிநாடாவில் பாட்டுக் கேட்பதும் அவ்வாறே. சுழற்றுபவனின் கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்து இழுபடும். அவன் மீண்டும் வேகங்கொண்டால் குரலும் நிமிரும். ஒரு பாட்டின் பின்னே எத்துணை உழைப்பு உண்டு என்பதை எம்மைப்போல் அறிந்த இரசிகர் உலகில் அரியர்.

1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் எங்கள் ஊரைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குச் சென்றனர்; நாங்களும் அவர்களோடு சென்றோம். அடுத்த ஆண்டு மார்ச் 17ஆம் நாள் லாகூரில் உலகக்கிண்ண இறுதிப் போட்டி நடைபெற்றபோது, நான் கைதடிப் பக்கத்தில் ஒரு வளவிற் கட்டிய கொட்டகையில் இருந்தேன். ஜாம் போத்தல் விளக்கொன்று எரிந்தது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் மிதியைச் சுழற்ற, ஆங்கில வர்ணனையை நான் தமிழாக்கிக் கூறினேன். சக்கரத்தின் இரைச்சலில் அவனுக்கு எதுவுமே கேட்கவில்லை. ஓவருக்கு ஒரு தடவை, "மாஸ்டர், என்னவாம்?" என்பான்.

"அவங்கள் வெண்டால் எங்களுக்கென்ன?" என்றார் வீட்டை இழந்துவந்த ஒரு தாய். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. "அரவிந்த அடிக்கிற அடியைக் கேளுங்கோ அக்கா" என்றார் மற்றொருவர். அதுவும் பொய்யன்று. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற, 46.2 ஓவர்களில் ஏழு விக்கெட்டுகளால் இலங்கை வென்றது. சிலர் கைதட்டினர்; சிலர் பேசாது எழுந்து சென்றனர். "ஆர் வெண்டது?" என்று பையன் கேட்டான். கூறினேன். மிதியை விட்டுவிட்டான். சக்கரம் தானாகச் சற்று நேரம் சுழன்றது. அதுவரை வானொலியும் பேசிற்று. "முரளி எத்தினை விக்கெற்?" என்றான். "ஒண்டு" என்றேன். தலையசைத்துவிட்டு, வலித்த கையைத் தடவிக்கொண்டு படுக்கச் சென்றான்.

அந்த முத்தையா முரளிதரன்தான், மெல்பேண் மைதானத்தில் 1995 டிசம்பர் 26ஆம் நாள் பந்தை எறிகின்றார் என்று நடுவரால் மீண்டும் மீண்டும் குற்றஞ்சாட்டப்பட்டவர். கண்டியிற் பிறந்த மலையகத் தமிழர். 2010 ஜூலை 22ஆம் நாள், காலியில் தமது இறுதி டெஸ்ட் ஆட்டத்தில், 800ஆவது விக்கெட்டுக்கு அவர் காத்திருந்தார். இந்தியாவின் கடைசி இருவரும் எளிதில் அசையவில்லை. அன்று அரியாலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த நான், கண்ணை மூடிக்கொண்டேன். கோர்வை முடியும் இடத்தை எதிர்நோக்கிக் கைவிரல்கள் தாமாகவே எண்ணிக்கொண்டிருந்தன. ஓஜாவின் மட்டையிற் பட்ட பந்து மஹேல ஜயவர்தனவின் கையிற் சேர்ந்தது. முரளிதரன் டெஸ்ட் வாழ்வில் வீசிய கடைசிப் பந்தும் அதுவே. போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. இழந்தவர்களின் படங்கள் மாட்டியிருந்த சுவருக்குக் கீழேதான் அந்தத் தொலைக்காட்சி இருந்தது. மகிழ்ந்தேனா என்று கேட்டால், ஆம், மகிழ்ந்தேன். சுவரை நிமிர்ந்து பார்த்தேனா என்று கேட்டால், அதற்கும் ஆம் என்பதே விடை.

ஒரு வெற்றி யாருக்குரியது என்னும் வழக்கை அரசியலாளர் தீர்க்கட்டும். திறமையைக் கண்டு வியக்கும் உள்ளம், தனக்கு நேர்ந்த கொடுமையை மறந்துவிட்டது என்று எவரும் கருதவேண்டியதில்லை. கொடுமையை மறவாத உள்ளம் வியக்கும் ஆற்றலை இழந்துவிட வேண்டும் என்பதும் இல்லை. இரண்டையும் ஒருங்கே சுமந்தவர்கள் எங்கள் ஊர் மக்கள்.

எதிர்வீரசிங்கம் 2024 ஏப்ரலில் மறைந்தார். அடுத்த மே மாதத்திலேயே, மத்திய கல்லூரியின் மற்றொரு மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் ஐதராபாத் அணிக்காக இந்தியப் பிரீமியர் லீக்கிற் பந்து வீசினார். அதனை எம்மூர் இளைஞர் கைத்தொலைபேசியிற் கண்ணாரக் கண்டனர். நல்லதே. ஆனால் அதே வீடுகளில், கதவு நிலையைத் தொட்டு உயரத்தை அளந்தவர்களின் மக்களும், தவிற் கணக்கை விரலில் வைத்திருப்போரும், மிதியைச் சுழற்றியோரும் இன்னமும் இருக்கின்றனர். பதக்கங்களின் கணக்கு ஏடுகளில் உண்டு. இவர்கள் கேட்ட கதை எந்த ஏட்டிலும் இல்லை. எங்கள் வாசிகசாலைகள் ஒரு கொப்பியை மேசையில் வைத்து, வரும் முதியோர் ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டையும் ஓர் ஆட்டத்தையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். முதற் பக்கத்தை எழுத நான் ஆயத்தமாய் இருக்கின்றேன். ஆயினும், கையைத் தடவிக்கொண்டு படுக்கச் சென்ற அந்தப் பையன் இன்று எங்கேயாவது இருந்து இதனை வாசித்தால், அவனே முதலில் எழுதட்டும்.