ஒற்றை நாற்று வயலுக்கு வந்தபோது

ஒற்றை நாற்று நடவு ஊருக்கு ஊர் ஆறு விதிகளின் கட்டாகவே அறிமுகமானது. 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒரே நாற்று, குத்துக்குக் குத்து 25 சென்டிமீட்டர் விட்டுச் சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், உருளும் கருவியால் களையெடுப்பு, தொழுவுரத்துக்கும் பசுந்தாள் உரத்துக்கும் முதலிடம். ஆறையும் வருடாவருடம் அப்படியே கடைப்பிடிக்கும் சிறு உழவரைக் காண்பது அரிது. முயன்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் கட்டைப் பிரித்து, தங்கள் மண்ணும் தண்ணீரும் கூலியாளும் இடம் கொடுத்ததை வைத்துக்கொண்டார்கள். மற்றதை மாற்றினார்கள், அல்லது விட்டார்கள்.

முறை பிறந்தது மடகாஸ்கரில். 1961-இல் அங்கே போன ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், மலைநாட்டு உழவர்களோடு இருபது ஆண்டுக்கு மேல் பழகினார். அங்கே சிலர் ஏற்கெனவே ஒற்றை நாற்று நட்டுவந்தார்கள். சிலர் வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல் இடையிடையே காயவிட்டார்கள். 1983-இல் மழை தப்பிய ஒரு பருவத்தில் வழக்கத்துக்கு மாறாக 15 நாள் நாற்றையே நட நேர்ந்தது. அது எதிர்பாராத அளவு தூர் கட்டியது. பாதிரியார் செய்தது இவற்றை ஒன்றுசேர்த்ததுதான். ஆக, பின்னாளில் அதிகாரிகள் உழவர்களுக்குக் கற்றுக்கொடுத்த விதிகளில் சில உழவர்களிடமிருந்தே எடுத்தவை. 1990களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் இதை மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனார்.

தமிழகத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-இல் சோதனையைத் தொடங்கியது. 2003-04-இல் காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலும் உழவர் வயல்களிலேயே பரிசோதித்தது. முறை திருந்திய நெல் சாகுபடி, செம்மை நெல் சாகுபடி என்றெல்லாம் பெயர் பெற்று, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி ‘இராசராசன் 1000’ என்றும் சிறிது காலம் அழைக்கப்பட்டது. நட்ட கைகள் மட்டும் அதை ஒத்த நாத்து என்றே சொல்லின.

இளநாற்றுக்கு ஒரு காரணம் உண்டு. நெற்பயிரில் நான்காம் இலை தலைகாட்டும் நேரத்தில்தான் முதல் தூர் கிளம்பும். அந்தத் தூரிலிருந்து அடுத்த தூர், அதிலிருந்து அடுத்தது என்று பெருகும். முதல் தூர் கிளம்பும் சமயத்தில் நாற்றைப் பறித்து வேரை அறுத்தால் அந்தக் கிளை முழுவதும் இல்லாமலே போகலாம். அதற்கு முன்பே நட்டுவிட்டால் தப்பிக்கும். எனவே உண்மையான கணக்கு இலையில் இருக்கிறது, நாளில் இல்லை. தமிழகச் சமவெளிச் சூட்டில் 14 நாளில் வரும் வளர்ச்சிக்குக் குளிரான மலைப்பகுதியில் கூடுதல் நாள் பிடிக்கும். துண்டறிக்கைகள் நாளை எழுதின. கைப்பழக்கமுள்ளவர் இலையைப் பார்த்தார்.

நாற்றங்காலில் மாற்றம் எளிதாக நடந்தது. ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் விட்ட இடத்தில், மெல்லிய மண்ணில் வளர்த்துப் பாய்போல் பெயர்த்தெடுக்கும் பாய் நாற்றங்காலுக்கு 1 சென்ட் போதும். விதையும் 20 கிலோவுக்கு மேலிருந்து 2, 3 கிலோவாகக் குறைந்தது. விதைச்செலவு கண்ணெதிரே மிச்சமாகும்போது யாரும் வாதாடுவதில்லை.

வாதம் நடவில் தொடங்கியது. வழக்கமான நடவில் ஒரு கை நாற்றுமுடியைப் பிடிக்க, மறுகை மூன்று நான்காகப் பிரித்துச் சேற்றில் ஊன்றிக்கொண்டே பின்னால் நகரும். இளநாற்றோ விரல் நீளம்தான். வேரோடு ஒட்டிய மண் உதிராமல், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் இடையே பிடித்து, ஆழம் போகாமல் மேலாக வைக்க வேண்டும். அதற்கும் முன் வயலில் கோடு வேண்டும். இரண்டு முளைக்குச்சிகளுக்கிடையே கயிறு கட்டி, அளவுக்கு ஒரு துணித்துண்டு முடிந்து, அந்த முடிச்சுக்கு நேரே நட்டார்கள். ஆந்திராவில் ஓர் உழவர் இரும்புக் கம்பிகளால் உருளை செய்து வயல் முழுவதும் கட்டம் போட்டார். அது இங்கும் பரவியது. ஆனால் உருளை இழுக்க வயல் மட்டமாக இருக்க வேண்டும், தண்ணீர் வடிந்திருக்க வேண்டும். பள்ளத்தில் நீர் நின்றால் கோடு கரைந்துவிடும்.

ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசும் நடவுப் பெண்களுக்கு இத்தனை நிதானம் நட்டம். கூலியைக் கூட்டிக் கேட்டார்கள், அல்லது பழையபடி நட்டார்கள். இடையில் உருவான சமரசம்தான் குத்துக்கு இரண்டு நாற்று. வரப்பு நண்டு ஒன்றை வெட்டினாலும் மற்றது நிற்கும், பட்ட இடத்தில் மறுபடி நிரப்பும் வேலையும் குறையும். ஏட்டில் இது விதிமீறல். வயலில் இதைவிடப் புத்திசாலித்தனமான திருத்தம் கிடைப்பது கடினம்.

தண்ணீர் விதிதான் மிகவும் தகராறானது. மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் இரண்டரை சென்டிமீட்டர் பாய்ச்சு என்பது பரிந்துரை. பம்புசெட் உள்ளவரால் இது முடியும். வாய்க்காலில் முறைவைத்து வரும் தண்ணீரை நம்புபவருக்கு அடுத்த முறை எப்போது என்பதே நிச்சயமில்லாதபோது, வந்த நீரைக் கட்டி வைப்பதே விவேகம். மேல்வயல் வழியே கீழ்வயலுக்குப் பாயும் இடங்களில் ஒருவர் மட்டும் காயவிட நினைத்தாலும் முடியாது. சம்பா, தாளடியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் டெல்டாவின் கடைமடையில் வடியவிடவே வழியில்லை. விரல் நீள நாற்று அங்கே மூழ்கிவிடும். கனத்த களிமண்ணில் இன்னொரு சங்கடம் உண்டு. மயிரிழை வெடிப்பு ஓரிரு நாளில் விரல் நுழையும் பிளவாகிவிட்டால், அதன் வழியே இறங்கும் நீர் மிச்சப்படுத்தியதைவிட அதிகம். எனவே பலர் வெடிப்புக்குக் காத்திராமல், மேல்நீர் வற்றிய மறுநாளே பாய்ச்சினார்கள்.

அளந்து பார்க்க விரும்பியவர்களுக்காகச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் துளையிட்ட குழாயைப் பரிந்துரைத்தது. குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் பாய்ச்ச வேண்டும். பிளாஸ்டிக் குழாய் இல்லாதவருக்கு மூங்கில் போதும்.

வயல் காய்ந்தால் களை முளைக்கும். ஆகவே களைக்கருவி தண்ணீர் விதியின் மறுபாதி. பல் வைத்த இரண்டு கூம்புகள் உருளும் கோனோ வீடரை முன்னும் பின்னும் தள்ளினால் களை சேற்றுக்குள் போகும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். நட்ட பத்தாம் நாளில் தொடங்கிப் பத்து நாளுக்கு ஒருமுறை, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவது முறை. வண்டல் கலந்த மண்ணில் சுகமாக ஓடும் கருவி களிமண்ணில் அப்பிக்கொண்டு நின்றுவிடும். களையெடுப்பு அதுவரை பெண்களின் கூலிவேலை. கருவி வந்ததும் பல ஊர்களில் அது ஆண்கள் கைக்குப் போனது. முறையின் வெற்றிக் கதைகளில் இந்த இழப்பு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

விளைச்சல் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. நன்கு பராமரித்த வழக்கமான வயலோடு ஒப்பிட்டால் பெரிய லாபம் இல்லை என்று நெல் ஆய்வாளர்கள் பலர் எழுதினார்கள். விதை மிச்சத்தில் அவ்வளவு சந்தேகம் இல்லை.

காவிரி டெல்டாவில் கதிராமங்கலம் முறை என்று ஒன்று உருவானது. கோடைச் சூட்டில் இளநாற்று ஒற்றையாக நின்று வாடியதால், முதலில் நெருக்கமாக நட்டுத் தேற்றி, பிறகு பறித்து வயலில் இரண்டாம் முறை நட்டார்கள். இளநாற்று என்ற விதியையும் ஒற்றை என்ற விதியையும் தளர்த்தி, இடைவெளியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்ட திருத்தம் இது.

மடகாஸ்கரிலேயே பலர் இரண்டொரு பருவத்துக்குப் பிறகு முறையைக் கைவிட்டார்கள். அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கிறிஸ்டின் மோசரும் கிறிஸ்டோஃபர் பாரெட்டும் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் காரணத்தை அறியாமையில் தேடவில்லை. ஒற்றை நாற்று வயலுக்கு உழைப்பு அதிகம் வேண்டிய மாதங்கள், ஏழை உழவர் வீட்டில் அரிசி தீர்ந்துபோகும் மாதங்கள். அன்றாடக் கூலிக்கு அடுத்தவர் வயலுக்குப் போகிறவருக்குத் தன் வயலில் நிதானமாக நட நேரமில்லை.

தமிழகத்தில் ஆள் பற்றாக்குறை வேறு திசையில் தள்ளியது. நடவு இயந்திரம் பாய் நாற்றையே கேட்கிறது என்பதால் அந்த ஒரு வழக்கம் அப்படியே தங்கியது. இயந்திரம் வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் விடுகிறது. வரிசைக்குள் குத்துகள் நெருங்கி விழுகின்றன, ஒரு குத்தில் இரண்டு மூன்று நாற்று போகிறது. சதுரம் இல்லாததால் களைக்கருவியைக் குறுக்கே ஓட்ட முடியாது. நெடுக்கே மட்டும் ஓட்டி, வரிசைக்குள் மிஞ்சிய களையைக் கையால் பிடுங்குகிறார்கள், அல்லது களைக்கொல்லி தெளிக்கிறார்கள்.