கால்பந்துப் பயிற்சியாளரை எடைபோடுவது எப்படி?

2025 ஜூலையில் இந்தியக் கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர் பதவி காலியாயிற்று. 170 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. சல்லடையில் எஞ்சியவர் மூவர்: அப்பதவியை முன்பே இருமுறை வகித்த ஆங்கிலேயர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கிய நாட்டுக் குழுவை நடத்திய ஸ்டெஃபான் தார்கோவிச், நம் நாட்டவரான காலித் ஜமீல். மானசகங்கோத்ரி விடுதியிலும் வாதம் மூண்டது. வெளிநாட்டாரே மேல் என்பது பலர் கட்சி. 1962இல் ஜகார்த்தாவில் நமக்கு ஆசியத் தங்கம் தேடித்தந்த சையத் அப்துல் ரஹீம் ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியர் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்!

வென்ற கோப்பைகளை எண்ணினால் மட்டும் போதாது. எந்திரத்தின் திறனை, அதற்குக் கொடுத்த ஆற்றலோடு ஒப்பிட்டன்றோ கணிக்கிறோம்? 2016இல் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, பிறகு மீண்டும் சேர்க்கப்பட்ட அய்ஸால் குழுவை ஜமீல் ஏற்றார். பணபலம் இல்லாத குழு அது. 2017இல் மோகன் பகானை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் வாகை சூடிற்று. கான்ஸ்டன்டைனும் குறைந்தவரல்லர், 2019 ஆசியக் கோப்பைக்கு நம்மை இட்டுச் சென்றவர். ஆயினும் என் தராசு ஜமீல் பக்கமே சாய்ந்தது.

ஆகஸ்ட் 1 அன்று அவரே தேர்வானார். செப்டம்பரில் ஓமானை வென்றோம். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தோம். இதைக் கொண்டு தேர்வே தவறு என்பதை நான் ஏற்கமாட்டேன். கோல் போட ஆளில்லாக் குறை அவர் வருமுன்னரே இருந்தது; ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை அவ்வாண்டு மார்ச்சில் மீண்டும் அழைக்க நேர்ந்ததே அதற்குச் சான்று.