அருவியைப் படம் பிடித்தல்



மலையருவி ஒன்றைக் கண்டு திரும்பியவர் தாம் எடுத்த படத்தைப் பிறருக்குக் காட்டும்போது, "நேரிலே கண்ட அழகு இதில் இல்லையே!" என்று தாமே வருந்துவதுண்டு. கண்ணுக்கு இனித்த அருவி, கமெராவினுள் புகுந்ததும் களையிழந்துவிடுவது ஏன்? இந்த வினாவைச் சிறிது ஆராய்வோம். நண்பர் மூவருடன் சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்றுவந்த ஒரு பயணம் அதற்குத் துணையாகும்.

யட்டவத்த என்னும் ஊரிலிருந்து விடியுமுன் புறப்பட்டோம். நாங்கள் நாடிச் சென்றது லக்கலைப் பகுதியிலுள்ள சேர எல்ல. 'எல்ல' என்னும் சிங்களச் சொல்லுக்கு நீர்வீழ்ச்சி என்பது பொருள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிற் கோபுரத்தை வணங்கி, இரத்தோட்டை வழியாக மலையேறினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்களில் வேலை செய்ய வந்த நம்மவர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே நடந்து வந்து சேர்ந்த ஊர் இந்த மாத்தளை. அவர்கள் உழைக்க ஏறிய மலையிலே நாங்கள் படம் பிடிக்க ஏறினோம்.

நக்கிள்ஸ் மலைத்தொடர் எனப்படும் இம்மலைகள், தூரத்திலிருந்து நோக்குவார்க்கு மடக்கிய கைவிரல்களின் மொளிகளைப் போலத் தோன்றுவதால் அப்பெயர் பெற்றன. 2000ஆம் ஆண்டில் இவை பாதுகாக்கப்பட்ட வனமாயின. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றன. மேற்குச் சரிவிலே தென்மேற்குப் பருவக்காற்றும் கிழக்குச் சரிவிலே வடகீழ்ப் பருவக்காற்றும் மழையைக் கொணர்கின்றன. ரிவஸ்டன் கணவாயைக் கடக்கும்போது இவ்வேற்றுமையைக் கண்ணாரக் காணலாம். மேற்கே மூடுபனியும் குளிரும். கிழக்கே இறங்கினால் பிட்டவலப் புல்வெளியும் இளவெயிலும். ஆதலால் ஓரருவியைக் காணச் செல்வோர், அது எந்தச் சரிவில் உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரே மாதத்தில் மலையின் ஒருபுறத்து அருவி பொங்கி வழிய, மறுபுறத்து அருவி நூலிழையாக மெலிந்திருத்தல் கூடும்.

சேர எல்ல ஏறக்குறைய 10 மீற்றர் உயரமே உடையது. ஆயினும் வேறு அருவிகளில் எளிதிற் காணாத ஒரு சிறப்பு அதற்குண்டு. வீழும் நீருக்குப் பின்னாலுள்ள குகையினுட் சென்று, நீர்த்திரையின் ஊடாக வெளியுலகைப் பார்க்கலாம். இத்தகைய குகைகள் உண்டாகும் முறை எளிதில் விளங்கக்கூடியது. மேலே வன்பாறையும் கீழே அதனினும் மெலிந்த பாறையும் அமைந்த இடங்களில், நீரின் மோதலாலும் தெறிப்பாலும் கீழ்ப்பாறை விரைந்து தேய்கின்றது. மேற்பாறை கூரைபோல் நீண்டு நிற்கின்றது.

இனிப் படத்துக்கு வருவோம். கமெராவின் கதவு திறந்திருக்கும் நேரமே அருவியின் உருவத்தைத் தீர்மானிக்கின்றது. ஒரு செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு நேரம் மட்டும் அது திறந்து மூடினால், துளிகள் அந்தரத்தில் நின்ற முத்துக்களாகும். அரைச் செக்கனோ ஒரு செக்கனோ திறந்திருந்தால், அத்தனை துளிகளின் ஓட்டமும் ஒன்றன்மேலொன்று படிந்து வெண்பட்டாகும். நம் கண்ணோ இவ்விரண்டையும் காண்பதில்லை. செக்கனில் முப்பதிலொரு பங்கு அளவில் எடுத்த படமே கண்ட காட்சிக்கு ஓரளவு நெருங்கி வரும்.

ஆதிகாலப் படக்காரருக்கு இந்தத் தேர்வு இருக்கவில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இந்நாட்டிலேயே மறைந்த யூலியா மாகிரட் கமரன் அம்மையார் புகழ்பெற்ற படக்கலைஞர். அவருக்கு முன் அமர்ந்தோர் சில நிமிடங்கள்வரை அசையாதிருக்க வேண்டியிருந்ததாம். அசைந்தவர் முகம் படத்தில் மங்கிற்று. மனிதர் முகத்துக்கே அந்நிலையென்றால் ஓடும் நீருக்குக் கேட்பானேன்! இன்று கைப்பேசியிலும் நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுண்டு. நீண்ட நேரம் திறந்துவைப்பதானால் கருவி அசையாதிருக்க ஒரு முக்காலி வேண்டும்.

ஒளியும் நம்மை ஏமாற்றும். கருவி காட்சி முழுவதன் ஒளியையும் சராசரியாகக் கணக்கிடுகின்றது. கரும்பாறை பெரும்பகுதியை அடைத்திருந்தால், 'இருட்டாயிருக்கிறது' என்றெண்ணி அதிக ஒளியை உள்ளே விடுகின்றது. அதனால் வெண்ணீர் வரைவேதுமில்லாத வெறும் வெள்ளைத்தாளாகி விடுகின்றது. கணக்கிட்ட அளவினும் ஒளியைச் சற்றுக் குறைத்து எடுத்தலே இதற்குப் பரிகாரம். உச்சிவெயிலைத் தவிர்த்துக் காலையிலோ மேகமூட்டத்திலோ எடுத்தல் இன்னும் நன்று.

மற்றொன்று, அளவு. பக்கத்தில் மனிதரோ மரமோ இல்லாத அருவி, படத்தில் பத்து மீற்றரா நூறு மீற்றரா என்று தெரியாது. இதை நான் விளக்கியதுதான் தாமதம், நண்பர் ஒருவர் ஆற்றின் நடுவிலிருந்த பாறையில் நிற்பதாகக் கூறி நீரில் இறங்கினார். எங்களுடன் வந்த கிராமத்து முதியவர், "வேண்டாம் மாத்தயா, திரும்புங்கள், தண்ணீரில் சருகு வருகிறது" என்று சிங்களத்திலே தடுத்தார். தலைக்கு மேல் வானம் தெளிவாகவே இருந்தது. ஒரு நல்ல படம் கெட்டதே என்ற சலிப்புடன்தான் நண்பர் கரையேறினார். கால்மணி நேரம் சென்றிராது. நீர் தேநீர் நிறமாகிப் பெருகி, அந்தப் பாறை கண்ணுக்கு மறைந்தது. கரையோரம் விட்டிருந்த என் முக்காலியும் போயிற்று.

மலையுச்சியில் மழை பெய்திருந்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை. நீரில் சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், தெளிந்த நீர் கலங்குதல், அருவியின் ஓசை திடீரெனக் கனத்தல், கரைக்கல்லில் நீர்மட்டம் உயர்தல் ஆகிய நான்கில் ஒன்று தோன்றினாலும் பொருள்களைப் பொருட்படுத்தாது உடனே மேட்டுக்கு ஏறிவிடல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலையகத்தில் விளைத்த வெள்ளத்தையும் மண்சரிவுகளையும் கண்ட நமக்கு, மலைநீரின் வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாணவரைச் சுற்றுலாவுக்கு அனுப்பும் பொறுப்புடையவன் என்ற முறையில், பயணத்துக்கு முன் பாதையின் நிலையையும் வானிலை அறிவித்தலையும் விசாரித்தறியுமாறும், ஊரவர் சொல்லைத் தட்டாதிருக்குமாறும் இளைஞரை வேண்டுகிறேன்.

அன்று நான் எடுத்த படம் இன்றும் என் மேசையில் உள்ளது. அளவு காட்ட ஆளில்லாத அப்படத்தைக் காண்போர், "அருவி எவ்வளவு உயரம்?" என்று தவறாமற் கேட்கின்றனர். கலை நோக்கில் அது குறைதான். எனினும் அந்தக் குறையைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியே உண்டாகின்றது. பாறையில் நிற்க வேண்டியிருந்த நண்பர் இன்றும் என் வீட்டுக்கு வந்து, அப்படத்தின் முன் அமர்ந்து தேநீர் அருந்துகிறார்.