மெடூசா அரக்கியானது எப்படி?

கிரேக்கக் கதைகளில் அரக்கர்கள் பெரும்பாலும் வீரன் ஒருவன் கொன்று பெயரெடுப்பதற்காகவே வருகிறார்கள். பாம்புக் கூந்தல் மெடூசாவைப் பார்த்தவர் கல்லாவார். பேர்சியஸ் அவள் தலையைக் கொய்தான். கி.மு. 700 அளவில் இதைப் பாடிய ஹெசியோட்டுக்கு, அவள் கோர்கன் எனும் அரக்கிகள் மூவரில் ஒருத்தி. ஏன் அப்படியானாள் என்று அவர் கேட்கவில்லை.

சுமார் 700 ஆண்டுகளின் பின் உரோமக் கவிஞர் ஓவிட் கேட்டார். அவருடைய மெடூசா கூந்தலழகு மிக்க கன்னிப்பெண். கடல் தேவன் நெப்டியூன், மினேர்வா தேவியின் கோயிலில் வைத்து அவளை மானபங்கப்படுத்தினான். தேவி தண்டித்ததோ மெடூசாவை! கூந்தல் பாம்புகளாயிற்று. நெப்டியூனுக்குத் தண்டனையே இல்லை. இத்தனையையும் விருந்தொன்றில் இருந்துகொண்டு சொல்பவன், அவளைக் கொன்ற பேர்சியஸ்தான்.

பகைவரை அச்சுறுத்த அப்பாம்புகளைத் தேவி தன் மார்பிலே அணிந்துகொண்டாளாம். எனக்கு மெடூசாவைவிட அவள்மீதுதான் அச்சம் வருகிறது.