சீனிக்குள் ஒளிந்திருந்த சலுகை

ஜேர்மனியில் வாழும் நாம் தேநீரிற் கலக்கும் சீனி பெரும்பாலும் கரும்பிலிருந்து வருவதன்று; இந்நாட்டு வயல்களில் விளையும் சீனிக்கிழங்கிலிருந்து பெறப்படுவது. இக்கிழங்கில் சீனி உண்டென்பதை 1747இல் பேர்லின் இரசாயன அறிஞர் மார்க்கிராவ் கண்டறிந்தார். ஆலைகள் பெருகவே, 1841 முதல் அரசு அதன்மீது உற்பத்தித் தீர்வை விதித்தது.

அத்தீர்வை சீனிக்கன்றி, ஆலைக்குள் செல்லும் கிழங்கின் நிறைக்கே அறவிடப்பட்டது. சீனியை ஏற்றுமதி செய்தால், செலுத்திய தீர்வை திருப்பித் தரப்படும் என்பது பின்னர் வந்த சலுகை. சூட்சுமம் இங்கேதான் இருந்தது. உதாரணமாக, ஓர் அந்தர் சீனிக்குப் பன்னிரண்டு அந்தர் கிழங்கு தேவையென அரசு கணக்கிட்டதாகக் கொள்வோம். நல்லினக் கிழங்காலும் புதிய இயந்திரங்களாலும் ஒன்பது அந்தரிலேயே அதனைப் பெற்றுவிடும் ஆலை, ஒன்பதுக்குத் தீர்வை கட்டிப் பன்னிரண்டுக்கு மீளப் பெற்றது. சலுகை மானியமாக மாறியது. 1892இல் கிழங்குத் தீர்வை நீக்கப்பட்டபோதிலும் ஏற்றுமதி மானியம் வெளிப்படையாகவே தொடர்ந்தது.

இதன் சுமையை யார் தாங்கினர்? உள்நாட்டில் சீனி வாங்கியோர் தீர்வை கட்ட, லண்டன் மக்கள் மலிவுச் சீனி உண்டனர். தமிழர் உள்ளிட்ட இந்தியக் கூலிகள் உழைத்த மொறீசியஸ் கரும்புத் தோட்டங்கள் இந்தியச் சந்தையில் இம்மலிவுச் சீனியுடன் போட்டியிட நேர்ந்தது. 1899இல் கர்சன் பிரபுவின் இந்திய அரசு இதற்கு எதிர்த்தீர்வை விதித்தது. 1902இல் புருசெல்ஸில் கைச்சாத்தான உடன்படிக்கை 1903 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்து மானியங்களை ஒழித்தது. அப்போதே ஜேர்மனியில் 100 கிலோவுக்கு 20 மார்க்காக இருந்த தீர்வை 14 மார்க்காகக் குறைந்தது. ஆலைக்குரிய சலுகை நீங்கியபோது வாங்குவோரின் சுமையும் குறைந்தது என்பது கவனிக்கத்தக்கது.

வேறொரு சலுகையும் இருந்தது. மனிதர் உண்ணத் தகாதவாறு கலப்புச் செய்து தேனீக்களுக்கு உணவாக்கப்படும் சீனிக்குத் தீர்வை இல்லை. தேனீக்குக் கிடைத்த விலக்கு ஏழையின் கோப்பைக்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பியப் பொதுச்சந்தை உருவானபோது, 1993 ஜனவரி 1ஆம் திகதி சீனித் தீர்வையும் தேயிலைத் தீர்வையும் ஒருங்கே நீக்கப்பட்டன. எனினும் இன்றும் இரண்டுக்கும் 7 வீதப் பெறுமதி சேர் வரி உண்டு. கோப்பிக்கோ அதற்கும் மேலாகத் தனித் தீர்வை, வறுத்த கிலோவுக்கு 2.19 யூரோ.

அகதிகள் இந்நாட்டிற்கு வரி கட்டுவதில்லை என்ற பேச்சு எம் காதில் அடிக்கடி விழுகின்றது. எண்பதுகளில் முகாம்களுக்கு வந்து சேர்ந்த எம்மவர், வேலை செய்யும் அனுமதி கிடைக்கும் முன்னரே, வாங்கிய ஒவ்வொரு சீனிப் பொதியிலும் தேயிலைப் பொதியிலும் தீர்வை செலுத்தியவர்களே. இதனை எம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். பாடசாலையில் எவரேனும் கேட்டால், தலைநிமிர்ந்து பதில் சொல்ல அது உதவும்.