டிரைக்கோகிராம்மா குளவிகளை இனங்கண்டறிதல்

கரும்பின் இடைக்கணுப் புழுவையும் நெல்லின் குருத்துப் பூச்சியையும் முட்டைப் பருவத்திலேயே அழிக்கும் பொருட்டு வயல்களில் விடப்படும் டிரைக்கோகிராம்மா என்னும் சிறு குளவியைக் களப் பணியாளர் பலரும் அறிவர். ஆயினும் அப்பெயர் ஒரு பூச்சியை மட்டும் குறிப்பதன்று; 200க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய ஒரு பேரினத்தைக் குறிப்பதாகும். கரும்புக்குக் கைலோனிஸ் என்னும் இனமும், நெல்லுக்கு ஜப்பானிகம் என்னும் இனமும் சிறப்பாகக் கையாளப்படுகின்றன. அட்டையில் இருப்பது எவ்வினம் என்று அறியாமல் அதை வயலில் கட்டுவது, பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியிலிருந்து மருந்து கொடுப்பதை ஒக்கும்.

இக்குளவியின் நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. தாய்க்குளவி அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. உள்ளே வளரும் புழு முட்டையின் சத்தை உண்கிறது. சில நாட்களில் அம்முட்டை கருநிறம் அடைகிறது. இக்கருமையே வயலில் முதலில் புலப்படும் அறிகுறி. ஆனால் இதை மட்டும் நம்புதல் தவறு. டெலினோமஸ் போன்ற பிற முட்டை ஒட்டுண்ணிகளாலும் முட்டை நிறம் மாறுவதுண்டு. குளவி வெளிவந்தபின் அதன் காலை உருப்பெருக்கியில் நோக்குக. பாதத்தில் மூன்று கணுக்களே இருப்பின் அது டிரைக்கோகிராம்மா அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. டெலினோமஸின் பாதத்தில் ஐந்து கணுக்கள் உண்டு.

பேரினத்தை அறிய இறகையும் உணர்கொம்பையும் பார்த்தல் வேண்டும். முன்னிறகில் நுண்மயிர்கள் வரிவரியாக அமைந்திருக்கும். கிரேக்க மொழியில் மயிர், கோடு என்னும் பொருள்தரும் சொற்களால் 1833-இல் வெஸ்ட்வுட் இட்ட பெயர் இதற்கு மிகவும் பொருந்துகிறது. பெண்ணின் உணர்கொம்பு நுனியில் கதைபோல் தடித்திருக்கும். ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர்கள் அடர்ந்திருக்கும். நெருங்கிய உறவுடைய டிரைக்கோகிராம்மட்டாய்டியா என்னும் பேரினத்தில் ஆணின் உணர்கொம்பு நுனிப்பகுதி கணுக்களாகப் பிரிந்திருக்கும். டிரைக்கோகிராம்மாவில் அது பிரிவின்றி ஒன்றாகவே இருக்கும்.

இதுவரை கடினம் இல்லை. இனத்தைப் பிரிக்கும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. முற்காலத்து ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் உடலின் நிறத்தையும் அளவையும் நம்பினர். இவ்விரண்டும் நிலையானவை அல்ல. குளிர்ந்த சூழலில் வளர்ந்த குளவி கருத்தும், வெப்பத்தில் வளர்ந்தது வெளிறியும் காணப்படும். சிறிய முட்டையில் வளர்ந்தது சிறுத்தும் பெரிய முட்டையில் வளர்ந்தது பெருத்தும் இருக்கும். இன்னும் வியப்பான செய்தியொன்றை 1937-இல் ஜார்ஜ் சால்ட் வெளியிட்டார். செம்பிளிடிஸ் என்னும் இனத்தின் ஆண்கள் அந்துப்பூச்சியின் முட்டையில் வளர்ந்தால் இறகுடன் பிறக்கின்றன. சையாலிஸ் என்னும் நீரோரப் பூச்சியின் முட்டையில் வளர்ந்தாலோ இறகின்றிப் பிறக்கின்றன! ஒரே இனத்தை இரண்டாகக் கொள்ள இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

இக்குழப்பத்தைத் தீர்ப்பதில் இந்தியாவின் பங்கு பெரிது. பெங்களூரில் இயங்கிய காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தில் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் 1968-இல் இனக்கலப்புச் சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவமே இனத்தைக் காட்டும் நம்பகமான அடையாளம் என்பதை 1971-இல் எடுத்துக்காட்டினர். கைலோனிஸில் இவ்வுறுப்பின் முதுகுப்புறத் தகடு முக்கோணமாய், அடியில் இருபுறமும் அகன்று காணப்படும்.

பழைய அறிக்கைகளைப் படிக்கும் ஆசிரியர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் இவ்வினம் அவற்றில் மினூட்டம், எவனெசன்ஸ், ஆஸ்திராலிகம், கன்பியூசம் எனப் பல பெயர்களில் குறிக்கப்பட்டுள்ளது. 1941-இல் இஷீ இட்ட கைலோனிஸ் என்பதே இன்று ஏற்கப்பட்ட பெயர். ஆதலின் பெயரை மட்டும் பார்த்துப் பழைய முடிவுகளை ஒப்பிடுதல் கூடாது.

ஆண் இல்லையெனில் யாது செய்வது? வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா தொற்றிய சில வளர்ப்புகளில் பெண்களே பிறக்கும். நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்தைத் தேனில் கலந்து ஊட்டினால் ஆண்கள் மீண்டும் தோன்றுவதை 1990-இல் ஸ்டவுத்தாமரும் அவருடைய துணைவரும் கண்டறிந்தனர். டி.என்.ஏ.யின் ஒரு பகுதியை ஒப்பிட்டு இனங்காணும் முறையும் இப்போது கைக்கொள்ளப்படுகிறது. அதற்குப் பெண்ணே போதும்.

மாதிரி அனுப்புவோர் கறுத்த முட்டைகளை இலையுடன் கண்ணாடிக் குழாயிலிட்டுப் பஞ்சினால் அடைத்து, குளவிகள் வெளிவந்து இறகு விரியும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர் அவற்றைச் சாராயத்தில் இடுக. வடிவ ஆராய்ச்சிக்கு 70 சதவீதமும், டி.என்.ஏ. ஆராய்ச்சிக்கு 95 சதவீதத்திற்குக் குறையாததும் ஏற்றவை. உலரவைத்த குளவி சுருங்கிப் பயனற்றுப்போகும். ஆண்களும் பெண்களும் கலந்திருத்தல் நலம். பயிர், முட்டையிட்ட பூச்சி, ஊர், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குழாய்க்குள்ளேயே இடுக. மையெழுத்து சாராயத்தில் கரைந்துவிடும்.